எந்தக் கருவி? முதலில் எந்த வேலை?

ஒவ்வோர் ஆண்டும் மே, ஜூன் மாதங்களில் ஆசிரியர்களைத் தேடி வரும் கேள்வி ஒன்று உண்டு. “பிள்ளைக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்?” முன்பு அந்தக் கேள்விக்கு அகராதி, ஜியோமெட்ரி பாக்ஸ் என்று பதில் சொல்லிவிடலாம். இப்போது மடிக்கணினியா, டேப்லெட்டா, பெரிய செல்போனா என்று கேட்கிறார்கள். கேட்பவர்களில் பலர் இதற்காக நகையை அடகு வைக்கவோ சுய உதவிக் குழுவில் கடன் எடுக்கவோ தயாராக இருப்பவர்கள். கடைக்காரர் தம்மிடம் இருப்பதைச் சொல்வார். விளம்பரம் புதிதாக வந்ததைச் சொல்லும். இந்தப் பிள்ளைக்கு இந்த வகுப்பில் என்ன தேவை என்பது ஆசிரியருக்குத்தான் தெரியும்.

பள்ளிக்குள்ளும் இதே கேள்வி எழுகிறது. முன்னாள் மாணவர்கள் நன்கொடை தர முன்வருகிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஆளுக்கொரு கருவியைச் சொல்கிறார்கள். முடிவு தவறினால் அடுத்த நன்கொடை வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் இரண்டு மூன்று அணி மாணவர்கள் பள்ளியை விட்டே போய்விடுவார்கள்.

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியை. கணினி வல்லுநர் இல்லை. ஆனால் கருவியைத் தேர்ந்தெடுப்பதை ஒரு வாக்கியக் கணக்காக எழுதிப் பார்க்கலாம் என்பது என் அனுபவம். கொடுக்கப்பட்டவை என்ன, நிபந்தனைகள் என்ன, காண வேண்டியது என்ன என்று பிரித்து எழுதினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மூன்று வகை வேலைகள்

கணினி, செல்போன் ஆகியவற்றைக் கொண்டு நாமும் மாணவர்களும் செய்யும் எல்லாவற்றையும் மூன்றாகப் பிரிக்கலாம்.

பார்க்கும் வேலை: மணற்கேணி செயலியில் காணொலி பார்ப்பது, பாடநூலில் உள்ள விரைவுத் துலங்கல் குறியீட்டை ஸ்கேன் செய்து பாடத்தைத் திறப்பது, மின்நூல் வாசிப்பது.

பதியும் வேலை: எமிஸில் வருகைப் பதிவு, மதிப்பீட்டில் சரியான விடையைத் தொடுவது, படம் எடுத்து அனுப்புவது, படிவம் நிரப்புவது.

உருவாக்கும் வேலை: கட்டுரை தட்டச்சு செய்வது, அட்டவணையில் கணக்குப் போட்டு வரைபடம் வரைவது, நிரல் எழுதுவது, வகுப்பு இதழைப் பக்கம் அமைப்பது.

முதல் இரண்டு வேலைகளுக்கு விரல் போதும். மூன்றாவதற்குப் பத்து விரலும் வேண்டும். விசைப்பலகை, ஓரளவு பெரிய திரை, பல கோப்புகளை ஒரே நேரத்தில் திறந்து வைக்கும் வசதி ஆகியவை இல்லாமல் அந்த வேலை நகராது. கருவிகளுக்கு இடையிலான முக்கியமான வேறுபாடு இதுதான். விலை, நிறம், கேமரா எல்லாம் இதற்குப் பிறகு.

நான்கு கருவிகளின் இயல்பு

செல்போன் பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. பார்க்கும் வேலையையும் பதியும் வேலையையும் நன்றாகச் செய்யும். எங்கள் மாணவர்கள் பலரின் வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவுடன் வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்குத்தான் திரும்பும். எனவே “வீட்டில் போன் இருக்கிறதா?” என்று கேட்பதைவிட, “எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை உன் கையில் இருக்கும்?” என்று கேட்பது பயன் தரும்.

டேப்லெட் கையில் ஏந்தி நடப்பதற்கான கருவி. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசு டேப்லெட் வழங்கியதன் பொருத்தம் அதில்தான் இருக்கிறது. எண்ணும் எழுத்தும் வகுப்பில் ஆசிரியர் ஓரிடத்தில் உட்கார்வதில்லை. அரும்பு, மொட்டு, மலர் என்று குழு குழுவாகத் தரையில் அமர்ந்திருக்கும் குழந்தைகளிடம் போக வேண்டும். ஒரு குழந்தைக்குப் படத்தைக் காட்ட வேண்டும். இன்னொரு குழந்தையின் நிலையைப் பதிய வேண்டும். அந்த வகுப்பில் மடிக்கணினி சுமைதான். ஆனால் அதே டேப்லெட்டில் ஒன்பதாம் வகுப்பு மாணவியை இரண்டு பக்கக் கட்டுரை எழுதச் சொன்னால், திரையின் பாதியைத் தொடுவிசைப்பலகை மறைத்துக்கொள்ளும். நான்கு வரிக்கு மேல் தான் எழுதியதை அவளால் சேர்த்துப் பார்க்க முடியாது. தனியே விசைப்பலகை வாங்கி இணைக்கலாம். அந்தச் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

மடிக்கணினி மூன்று வேலைகளையும் செய்யும், தூக்கிச் செல்லவும் முடியும். 2011இல் தமிழ்நாட்டில் மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, தம் வீட்டின் முதல் கணினியாக அதைக் கண்ட குடும்பங்கள் ஏராளம். இதன் பலவீனம் பேட்டரி. லித்தியம் பேட்டரி பொதுவாக 300 முதல் 500 முறை முழுதாக ஏறி இறங்கிய பிறகு தன் கொள்ளளவில் குறிப்பிடத்தக்க பங்கை இழந்துவிடும். கீல் உடைவதும் விசைப்பலகையில் தண்ணீர் கொட்டுவதும் அடுத்தடுத்த செலவுகள். உள்ளே பல பாகங்கள் பலகையோடு ஒட்டியே வருவதால் பழுது பார்ப்பதும் எளிதல்ல.

மேசைக் கணினி இருந்த இடத்தை விட்டு நகராது. பள்ளிக்கு அதுவே நன்மை. காணாமல் போகாது, கீழே விழாது. மவுஸ் கெட்டால் மவுஸை மட்டும் மாற்றலாம். விசைப்பலகை கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். ரேம் போதவில்லை என்றால் கூட்டலாம். இன்னொரு நன்மையும் உண்டு. சுவரோரம் வரிசையாக வைத்து, திரைகள் அறையின் நடுப்பக்கம் பார்த்தபடி இருந்தால், எந்த மாணவர் என்ன பார்க்கிறார் என்பது ஆசிரியருக்கு ஒரே பார்வையில் தெரியும். மின்தடை வந்தால் யு.பி.எஸ். இல்லாமல் வேலை போய்விடும் என்பது இதன் குறை.

குரோம்புக் என்ற ஐந்தாவது வகையையும் கடைகளில் பார்த்திருப்பீர்கள். மடிக்கணினி போலவே இருக்கும். ஏறத்தாழ எல்லா வேலையும் இணைய உலாவி வழியாகவே நடக்கும். சீரான இணைய வசதி உள்ள பள்ளிக்கு நல்ல தேர்வு. மழை பெய்தால் இணைப்பு போகும் ஊருக்கு யோசித்தே வாங்க வேண்டும்.

தமிழில் எழுதுவது என்ற நிபந்தனை

இந்தக் கணக்கில் நாம் அடிக்கடி எழுத மறக்கும் நிபந்தனை ஒன்று இருக்கிறது. செல்போனில் நம் மாணவர்கள் தமிழை எப்படி எழுதுகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளில் ஒலியைத் தட்டுகிறார்கள். கீழே வரும் சொற்களில் ஒன்றைத் தொடுகிறார்கள். அல்லது பேசிவிடுகிறார்கள், போன் எழுதிக்கொள்கிறது. ‘பள்ளம்’ என்று எழுத நினைப்பவர் ‘பல்லம்’ என்று வந்தாலும் அனுப்பிவிடுகிறார். ல, ழ, ள மூன்றையும் ஒரே ஆங்கில எழுத்தில் தட்டி, எது சரி என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கருவியிடம் ஒப்படைத்தாகிவிட்டது.

1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவான ‘தமிழ் 99’ விசைப்பலகை இதற்கு நேர்மாறானது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ‘ழ’ வேண்டுமென்றால் ழ என்ற விசையைத்தான் தொட வேண்டும். ‘கூ’ வேண்டுமென்றால் ‘க’வையும் ‘ஊ’வையும் சேர்க்க வேண்டும். உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆவதை விரலே கற்றுக்கொள்கிறது. ஆறாம் வகுப்பில் இதைத் தொடங்கும் மாணவர் இரண்டு மாதப் பயிற்சியில் விசையைப் பார்க்காமல் தட்டுவதை நான் கண்டிருக்கிறேன். இந்த விசைப்பலகை செல்போனிலும் கிடைக்கிறது என்றாலும், பத்து விரலும் பழகுவதற்கு மேசைமேல் வைத்த விசைப்பலகைதான் வசதி. எழுத்துகள் அச்சிட்ட ஒட்டுவில்லைகளை விசைகள்மேல் ஒட்டிவிட்டால் போதும்.

எங்கள் பள்ளியில் எடுத்த முடிவு

முன்னாள் மாணவர்கள் தந்த தொகையை என்ன செய்வது என்று எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசியபோது, பத்து டேப்லெட் வாங்கலாம் என்பதே பலரின் விருப்பமாக இருந்தது. எண்ணிக்கை அதிகம், கொடுத்தவர்களுக்கும் பார்க்க நிறைவாக இருக்கும். தலைமையாசிரியர், “ஆறு, ஏழு, எட்டு வகுப்புப் பிள்ளைகள் இதில் என்ன செய்யப் போகிறார்கள் என்று முதலில் எழுதுவோம்” என்றார். எழுதினோம். காணொலி பார்ப்பது வேண்டாம், அதற்கு வகுப்பறைத் திரை இருக்கிறது. இணைய மதிப்பீட்டுக்கு ஹைடெக் லேப் இருக்கிறது. இல்லாதது எது என்றால், மதிய இடைவேளையிலும் நூலகப் பாடவேளையிலும் மாணவர்கள் தாங்களே உட்கார்ந்து எழுதவும் ஸ்கிராட்ச் நிரல் செய்து பார்க்கவும் ஓர் இடம். அதாவது உருவாக்கும் வேலை.

பட்டியல் எழுதி முடித்தபோது விவாதமும் முடிந்திருந்தது. நூலக அறையில் மூன்று மேசைக் கணினிகள், ஒரு யு.பி.எஸ்., மூன்று தமிழ் விசைப்பலகைகள். மாணவர்கள் இருவர் இருவராக அமர்கிறார்கள். ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றவர் பிழை பார்க்கிறார். பத்து நிமிடத்தில் இடம் மாறுகிறார்கள். கையெழுத்துப் பிரதியாக வந்துகொண்டிருந்த வகுப்பு இதழை இப்போது அவர்களே தட்டச்சு செய்து அச்செடுக்கிறார்கள்.

கருவியின் எண்ணிக்கை மட்டும் கற்றலைத் தந்துவிடாது என்பதற்கு உலக அளவிலும் சான்று உண்டு. ‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ என்ற திட்டத்தைப் பெரு நாடு தன் கிராமப்புறப் பள்ளிகளில் பெரிய அளவில் நடைமுறைப்படுத்தியது. 2012இல் வெளியான ஆய்வு, கணிதத்திலும் மொழியிலும் மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களில் முன்னேற்றம் எதையும் காணவில்லை. பொதுவான சிந்தனைத் திறனில் சில நல்ல விளைவுகள் இருந்தன. கருவியைக் கொடுத்தவர்கள், அதை வகுப்பில் எந்த வேலைக்குப் பயன்படுத்துவது என்பதில் ஆசிரியர்களுக்குப் போதிய துணையைத் தரவில்லை என்ற விமர்சனம் அப்போது எழுந்தது.

வகுப்பறையில் ஒரு பாடவேளை

இந்தத் தேர்வையே ஒரு பாடமாக நடத்தலாம். ஒன்பதாம் வகுப்பில் நான் செய்ததைச் சொல்கிறேன். ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கும் எளிமையாக்கிக்கொள்ளலாம்.

வகுப்பை நான்கு குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு அட்டை கொடுத்தேன். முதல் அட்டையில் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்கப் போகும் மாணவி. இரண்டாவதில் கடன் கணக்கு எழுதும் மளிகைக் கடைக்காரர். மூன்றாவதில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. நான்காவதில் பார்வைக் குறைபாடுள்ள பத்தாம் வகுப்பு மாணவர். ஒவ்வொருவரும் ஒரு நாளில் செய்யும் வேலைகளை எழுதி, அவற்றைப் பார்த்தல், பதிதல், உருவாக்குதல் என்று பிரிக்க வேண்டும். பிறகு கருவியைச் சொல்லிக் காரணம் கூற வேண்டும்.

மளிகைக் கடைக்குக் கணினிதான் வேண்டும் என்று தொடங்கிய குழு, தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே ஒரு கையால் பதிய வேண்டும் என்று யாரோ சொன்னதும் செல்போனுக்கு மாறியது. நான்காவது குழு, திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் பற்றிக் கேட்டது. ‘என்.வி.டி.ஏ.’ என்ற இலவச மென்பொருள் விண்டோஸ் கணினித் திரையில் உள்ளதை வாசிக்கும், தமிழையும் வாசிக்கும் என்று சொன்னேன். ஆண்ட்ராய்டு போனில் ‘டாக்பேக்’ இருக்கிறது. அந்த மாணவருக்குத் திரையின் அளவு முக்கியமில்லை, தடவிப் பார்த்து அறியக்கூடிய விசைகள்தான் முக்கியம் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள்.

பிறகு கணக்கு. கீழ்க்கண்ட எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர்க் கடையில் விலை கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மாணவர்களையே கேட்டு வரச் சொல்வது இன்னும் நல்லது.

மேசைக் கணினி: விலை ரூ.36,000, பழுதுச் செலவு ரூ.6,000, ஆயுள் 6 ஆண்டு. ஆண்டுக்கு ரூ.7,000.

மடிக்கணினி: விலை ரூ.40,000, பேட்டரி மாற்ற ரூ.5,000, ஆயுள் 5 ஆண்டு. ஆண்டுக்கு ரூ.9,000.

டேப்லெட்: விலை ரூ.15,000, ஆயுள் 3 ஆண்டு. ஆண்டுக்கு ரூ.5,000.

டேப்லெட்தான் மலிவு என்று வகுப்பு ஒரே குரலில் சொன்னது. அடுத்த படியாக, பள்ளி ஆண்டில் 200 நாள், நாளுக்கு 3 மணி நேரம் என்று 600 மணி நேரத்தால் வகுக்கச் சொன்னேன். மேசைக் கணினிக்கு மணிக்குச் சுமார் ரூ.11.70, மடிக்கணினிக்கு ரூ.15, டேப்லெட்டுக்குச் சுமார் ரூ.8.30. இப்போதும் டேப்லெட்தான் மலிவு. “சரி, நம் வேலை நிரல் எழுதுவதும் கட்டுரை தட்டச்சு செய்வதும். அந்த வேலைக்கு டேப்லெட் எத்தனை மணி நேரம் பயன்பட்டது?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பின்வரிசை மாணவி ஒருத்தி, “பூஜ்யம்னா வகுக்கவே முடியாதே டீச்சர்!” என்றாள். விலையைப் பயனால் வகுக்க வேண்டும் என்பதையும், பூஜ்யத்தால் வகுத்தல் வரையறுக்கப்படவில்லை என்பதையும் அன்று சேர்த்தே நடத்த முடிந்தது.

மின் செலவையும் சேர்க்கலாம். 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட். திரையோடு சேர்த்து 100 வாட் எடுக்கும் கணினி 600 மணி நேரத்துக்கு 60 யூனிட் எடுக்கும். 40 வாட் மடிக்கணினிக்கு 24 யூனிட். எட்டாம் வகுப்பு அறிவியலோடு இதை இணைக்கலாம்.

பெற்றோர் கேட்கும்போது

பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்குப் போகும் நேரத்தில்தான் பெரிய செலவு வருகிறது. நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு தாய் என்னிடம், “கூடப் படிக்கிற எல்லாரும் வாங்குறாங்களாம் டீச்சர். வட்டிக்கு எடுத்தாவது வாங்கிடவா?” என்று கேட்டார். மகள் சேர்ந்திருந்தது இளங்கலை வரலாறு. “காலேஜ்ல கம்ப்யூட்டர் லேப் இருக்கும்மா. முதல் செமஸ்டர் முடியட்டும். அவ என்ன வேலைக்குக் கேக்குறான்னு பார்த்துட்டு வாங்குங்க” என்றேன். அதே ஆண்டில் பொறியியல் கல்லூரியில் கணினித் துறையில் சேர்ந்த மாணவனின் அப்பாவிடம், டேப்லெட் வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டு அந்தத் தொகையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து மடிக்கணினி வாங்கச் சொன்னேன். இரண்டு வீட்டிலும் வருமானம் ஏறத்தாழ ஒன்றுதான். வேலை வேறு, அதனால் பதிலும் வேறு.

பள்ளி வயதுப் பிள்ளைக்குத் தனிக் கருவி வேண்டுமா என்று கேட்கும் பெற்றோரிடம் நான் சொல்வது: வீட்டுப் போனில் ஒரு நேரத்தை ஒதுக்குங்கள், கூடத்தில் உட்கார்ந்து பயன்படுத்தட்டும். எழுத வேண்டிய வேலை இருந்தால் பள்ளிக் கணினிக்கு வரட்டும். அப்படி வருபவர்களுக்கு இடமும் நேரமும் ஒதுக்கித் தருவது பள்ளியின் வேலை. வீட்டில் கணினி இல்லாத மாணவர் உருவாக்கும் வேலையைக் கற்றுக்கொள்ள வேறு இடமே கிடையாது. ஆய்வகம் பூட்டிக் கிடந்தால் அந்த மாணவர் தொட்டுப் பார்க்க மட்டுமே பழகியவராகப் பள்ளியை விட்டுப் போவார்.

வாங்கும் நாளில் பார்க்க வேண்டியவை

1. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 14 அக்டோபர் 2025உடன் முடிந்தது. விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜி.பி. ரேமும் 64 ஜி.பி. சேமிப்பும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புப் பகுதியும் வேண்டும். பழைய கணினியை மலிவாகத் தருகிறோம் என்றால் இதை முதலில் கேளுங்கள்.

2. குறைந்தபட்ச அளவு இயங்கப் போதும், வேலை செய்யப் போதாது. 8 ஜி.பி. ரேமும் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் இருந்தால் சில ஆண்டுகள் தாங்கும்.

3. டேப்லெட், போன் என்றால் எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்று கேளுங்கள்.

4. பழுது பார்க்கும் மையம் எந்த ஊரில் இருக்கிறது? மாவட்டத் தலைநகருக்குத் தூக்கிச் செல்ல வேண்டுமென்றால் அந்தச் செலவும் விலையில் சேரும்.

5. பில்லும் உத்தரவாத அட்டையும் பள்ளியின் பெயரில் இருக்கட்டும். அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள்.

6. பீரோவில் உறங்கும் பழைய மடிக்கணினிகளைக் கழிப்பதற்கு முன் ஒருமுறை பாருங்கள். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ போன்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினால் சில மீண்டும் ஓடும். தமிழ்த் தட்டச்சுப் பழக அது போதும்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலோ பெற்றோர் கூட்டத்திலோ கருவி பற்றிய பேச்சு வந்தால், கரும்பலகையில் மூன்று கட்டம் போடுங்கள். பார்த்தல், பதிதல், உருவாக்குதல். நம் மாணவர்கள் செய்யப் போகும் வேலைகளை ஒவ்வொன்றாகக் கூட்டத்தினரையே சொல்லச் சொல்லி அந்தந்தக் கட்டத்தில் எழுதுங்கள். எந்தக் கட்டம் நிரம்புகிறதோ அதற்கேற்ற கருவியை வாங்கலாம். எந்தக் கட்டமும் நிரம்பவில்லை என்றால், அந்தப் பணத்தில் இப்போதைக்கு நூலகத்துக்குப் புத்தகம் வாங்குங்கள்.